உடையவங்க கால்

வீட்டை விற்பதற்கு முன்னால் அதைப் பழுது பார்த்து அழகு பண்ண வேண்டும் என்ற யோசனையை என் அப்பாவுக்கு யார் கொடுத்தார்களோ, தெரியாது. மேட்டூரில் யாராவது கொடுத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அவருக்கு எல்லா யோசனையும் மேட்டூரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மேட்டூரில் அப்போது அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் சுமக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாகப் போன அப்பா எப்போதாவது லீவில் ஊருக்கு வருவார். வந்தால் அணையைத் தவிர வேறு பேச்சு இல்லை. அந்த அணையை அவர் ஒருவரே தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்துகிறார் என்றுதான் நான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருமுறை வந்தபோது, அங்கே இருக்கிற அத்தனை ஆளுக்கும் விடிந்தால் காப்பி வேண்டாமா என்று கேட்டார். அடுத்த முறை வந்தபோது மேட்டூரில் காப்பி கிளப் வைப்பதென்று முடிவாகியிருந்தது. அதற்கடுத்த முறை, அதற்காக எங்கள் வீட்டை விற்பதென்று முடிவாகியிருந்தது. முடிவெல்லாம் அங்கேயே எடுக்கப்பட்டு, எங்களுக்குச் செய்தி மட்டும் வந்து சேரும்.

வீடு என்றால் மாளிகை இல்லை. நாமகிரிப்பேட்டையிலிருந்து இராசிபுரம் போகிற வழியில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு புளியமரத்துக்கு எதிரே நின்றது. நடுவில் ஒரு நீள அறை, அதற்குத் தெற்கே சமையலறை, பின்னால் மாட்டுக்கொட்டகை. மேலே நாட்டு ஓடு. அப்பா மேட்டூருக்குப் போன புதிதில் அதைக் கட்டியவள் அம்மா. கட்டியவள் என்றால், ஆள் வைத்துக் கட்டினாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் வெட்டியதும் மிதித்துக் குழைத்ததும் கல் சுமந்ததும் அவளும், கூலிக்கு வந்த இரண்டு பெண்களும்தான். கொத்தனார் வந்து நூல் பிடித்து மட்டம் பார்த்துவிட்டுப் போவார். என்னை அப்போது எதிர்ப் புளியமரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தார்களாம். ஆகையால் இந்த வீடு கட்டப்பட்டதை நான் கண்ணால் பார்த்தவள் என்று யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடுவேன், இன்றைக்கும்.

அம்மா தன் மனதில் இருந்ததை ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இந்த ஊட்டை உட்டுப்போட்டு வர இஷ்டமில்லீங்க."

"அதெல்லாம் வந்தாப் பழகிக்கும். இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார் அப்பா.

அப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது அவர்மேல் வீண்பழி. காதிலும் வாங்கிக்கொண்டார், தட்டில் ரசத்தையும் வாங்கிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஊரில் யார் எது கேட்டாலும் 'ஆகட்டுமுங்க' என்று சொல்லிவிடுவார். முடியாது என்கிற சொல்லை மட்டும் வீட்டில் செலவழிப்பதற்கென்று சேர்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான். அம்மாவுக்கும் இது புதிதல்ல. அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாளாம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட செய்தி மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்ததாம். மாட்டை விற்றால்கூட அதை முன்னால் நிறுத்தி வைத்துத்தானே பேரம் பேசுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பில் மிளகாய் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

வீட்டைப் பார்க்க வந்தவர் ஒரு பருத்தி வியாபாரி. நல்ல உயரம், முறுக்கு மீசை, கையில் பூண் போட்ட தடி. பார்த்தால் புலி வேட்டைக்குப் போகிறவர் மாதிரி இருப்பார்; ஆனால் பல்லி கத்தினால் பேச்சை நிறுத்திவிட்டு அது எந்தப் பக்கம் கத்தியது என்று கேட்பார். அவர் தனியாக வரவில்லை. ஒரு மனையடிக்காரரையும் கூட்டி வந்திருந்தார். மனையடி பார்ப்பது என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. அறையின் உள்ளளவைக் காலடியால் அளப்பார்கள். சுவரோடு குதிகாலை ஒட்டி வைத்து, அந்தக் காலின் விரலோடு அடுத்த காலின் குதியை ஒட்டி வைத்து, அப்படியே எதிர்ச் சுவர்வரை போக வேண்டும். இத்தனை அடி வந்தால் செல்வம், இத்தனை வந்தால் சண்டை, இத்தனை வந்தால் சாவு என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பலன் உண்டு. அரைகுறையாக நின்றாலும் ஆகாது. பலன் முழுக்க இந்த மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம்.

பருத்திக்காரர் முதலில் சாதாரணப் பழுதுகளைத் தடியால் சுட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். ஓடு பல இடத்தில் உடைந்திருக்கிறது. கதவு தரையில் உரசுகிறது. கிணற்று உருளை கிறீச்சிடுகிறது. நடு அறையின் வடக்குச் சுவரில் விரிசல். ஒவ்வொன்றுக்கும் அப்பா, 'செஞ்சு போடலாமுங்க' என்றார். அதற்கப்புறம் அளவு தொடங்கியது.

"ஆருக்கு ஊடோ அவங்க காலாலதான் அளக்கோணுமுங்க. ஊட்டுக்கு உடையவங்க காலுதானுங்க அளவுகோலு" என்றார் மனையடிக்காரர்.

பருத்திக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, தெற்குச் சுவரில் குதிகாலை ஒட்டி, அந்த உடம்போடு ஒரு காலுக்கு முன்னால் மறு காலை வைத்து வைத்து நடந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சமையலறையிலிருந்து என்னை முறைத்தாள். வடக்குச் சுவர் வந்தபோது கால் முழுதாகவும் அடங்கவில்லை, மிச்சமில்லாமலும் இல்லை. மனையடிக்காரர் முகத்தைச் சுளித்தார். இந்த அளவில் குடியிருந்தால் ஓயாத பகை என்றார். பருத்திக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அதற்குப் பரிகாரமும் மனையடிக்காரரிடமே இருந்தது. அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற தெற்குச் சுவரை இடித்துவிட்டு, அளவு பார்த்துத் தள்ளிக் கட்ட வேண்டும். சுவர் தள்ளினால் அடுப்பு இருக்கிற இடம் போய்விடும். அம்மா அந்த வீட்டில் முதன்முதலாக எழுப்பிய சுவர் அது. அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இடிச்சுக் கட்டிக் குடுத்துப் போடலாமுங்க. அதுக்கென்னுங்க" என்றார்.

புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு அவர்களுக்கு மோர் கொடுத்தோம். மனையடிக்காரருக்கு மோர் உள்ளே போனதும் கதை வெளியே வந்தது. மோகனூர்ப் பக்கம் ஒரு வீடாம். அண்ணன்காரன் விற்றான். வாங்கியவன் குடிபோன நாளாக அடுப்பு நின்று எரியவில்லை, மாடு கறக்கவில்லை. இவரைக் கூப்பிட்டார்கள். அளந்து பார்த்தால், அந்த வீடு விற்றவனின் தங்கை காலுக்கு இம்மி பிசகாமல் பொருந்துகிறது!

"பொருந்தின காலு ஒண்ணு இருக்கறப்ப, அந்தக் காலுக்கு உடையவங்களைக் கேக்காம ஊட்டை வாங்கலாமுங்களா? நிக்குமுங்களா?" என்று கேட்டார்.

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா, அவர்கள் வந்ததிலிருந்து வாயே திறக்காதவள், அப்போது கேட்டாள்.

"கேட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"கேட்டு, அந்தப் புள்ள வாயால 'எடுத்துக்குங்க'ன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா ஒண்ணுமே இல்லீங்கம்மா."

"எத்தனை அடி வந்தாங்க நெம்ப விசேஷம்?"

"பதினாறுங்கம்மா. அரண்மனை யோகம்."

அம்மா அவருக்கு இன்னொரு சொம்பு மோர் ஊற்றினாள். அதில் இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தாள். அப்பாவுக்குக் கூட அது கிடைக்கவில்லை.

மற்ற பழுதுகளை எல்லாம் முதலில் முடித்துவிடுவது, சுவரை இடிப்பதை மட்டும் நல்ல நாளில் இவர்கள் இருவரும் வந்து அளவு குறித்துக் கொடுத்தபின் செய்வது என்று பேசி முடித்தார்கள். அப்பா எல்லாப் பொறுப்பையும் அம்மாவிடம் விட்டுவிட்டு மேட்டூருக்குப் போய்விட்டார். போகும்போது, இவள் எங்கே முரண்டு பிடிப்பாளோ என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது.

அம்மா முரண்டு பிடிக்கவில்லை. மறுநாளே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். ஓடு பிரித்து மேய்ந்தார்கள். உடைந்த ஓடுகள் வாசலில் குவிந்தன. எனக்கு அது பெரிய யோகம், ஏனென்றால் நான் அப்போது பாண்டி ஆட்டத்தில் பைத்தியமாக இருந்தேன். அந்தக் குவியலிலிருந்து ஒரு சில்லைப் பொறுக்கி, கல்லில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கி, ஆணியால் அதில் ஒரு கோழிக்கால் கீறி வைத்தேன். எறிந்தால் எறிந்த கட்டத்தில் நிற்கும். அப்படி ஒரு சில்லு அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

கதவை இழைத்து மாட்டினார்கள். கிணற்று உருளைக்கு எண்ணெய் விட்டார்கள். வடக்குச் சுவர் விரிசலை மட்டும் யாரையும் தொட விடாமல் அம்மா தானே எடுத்துக்கொண்டாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு செம்மண்ணை மிதித்தாள். வைக்கோலை நறுக்கிச் சேர்த்தாள். விரிசலை அடைத்தாள். அதோடு விட்டாளா? சுவர் முழுவதும் ஒரு பூச்சுப் பூசினாள். அது காய்ந்ததும் அதன்மேல் உடைந்த ஓட்டுச் சில்லுகளை வரிசையாகப் பதித்து இன்னொரு பூச்சு. அதன்மேல் மறுபடியும் சில்லு, மறுபடியும் மண். கூடை கூடையாக நான்தான் சில்லுப் பொறுக்கிக் கொடுத்தேன்.

கொத்தனார் கூரையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "ஏனுங்கம்மா, சுவத்துக்குச் சட்டை போட்டாப் பத்தாதுங்களா? நீங்க கம்பளியே போத்தறீங்களே!"

"வாடைக்காத்து நெம்ப அடிக்குதுங்க" என்றாள் அம்மா.

அது சித்திரை மாதம். கொத்தனார் வானத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் கூரைக்கு ஏறிவிட்டார்.

ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் அம்மா ஒரு விளையாட்டு விளையாடுவாள். தெற்குச் சுவரில் குதிகாலை ஒட்டி, பருத்திக்காரர் மாதிரியே ஒரு காலுக்கு முன்னால் மறு காலை வைத்து வடக்கே போவாள். அவர் நடந்ததைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். நானும் பின்னாலேயே போவேன்.

"எட்டி வெக்காத சாமி. குதியும் வெரலும் ஒட்டோணும்" என்பாள் என்னிடம்.

பதினாறு என்று சொல்லி நிற்பாள். அவள் கால் விரலுக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். "நீ தோத்துட்டே" என்று நான் கத்துவேன்.

"இன்னுந் தோக்குல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மண் மிதிக்கப் போய்விடுவாள்.

ஈரத்தில் சரியாக வந்தது காய்ந்ததும் பின்வாங்கிவிடும். அவள் விடவில்லை. சுவர் மெல்ல மெல்ல அவள் காலைத் தேடிக்கொண்டு முன்னால் வந்தது. விளக்கு வைக்கிற மாடக்குழி மட்டும் வரவர உள்ளே போய்க்கொண்டிருந்தது. முன்பு முழங்கைவரை நீட்டினால் எட்டும் விளக்கை இப்போது தோள்வரை கையை விட்டுத்தான் எடுக்க முடிந்தது. இடையில் ஒருநாள் வந்து போன அப்பா அதைப் பார்த்து, என்ன இது என்றார். காற்றுக்கு அணையாதுங்க என்றாள் அம்மா. நல்ல யோசனை என்று அப்பா மெச்சிக்கொண்டார். ஊருக்குள் போய், நான்கூட இவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவாள் என்று நினைத்தேன், பாருங்கள், எவ்வளவு ஆசையாகச் செய்கிறாள் என்று பெருமை வேறு பேசிவிட்டு வந்தார்.

கடைசிப் பூச்சில்தான் எனக்கு அந்த அநியாயம் நடந்தது. என் கோழிக்கால் சில்லு கூடையோடு போய்ச் சுவரில் பதிந்துவிட்டது. நான் பார்த்தபோது மேலே மண் மூடியாகிவிட்டது. தரையில் புரண்டு அழுதேன். தோண்டி எடுத்துக் கொடு என்றேன். அம்மா மண் கையோடு என் கன்னத்தைத் துடைத்தாள். அழுகையோடு மண்ணும் சேர்ந்ததுதான் மிச்சம்.

"ஊட்டுக்குள்ளதானே கண்ணு இருக்குது. எங்கியும் போகுல" என்றாள்.

அதற்குமேல் சுண்ணாம்பு அடித்து, வழவழவென்று தேய்த்து முடித்தாள். அன்றைக்கு அவள் நடந்தபோது பதினாறாவது அடியில் கட்டைவிரல் சுவரைத் தொட்டு நின்றது. ஒரு மல்லிகைப் பூ இதழைக்கூட நடுவில் நுழைக்க முடியாது. "செயிச்சுட்டே!" என்று நான் கை தட்டினேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

இடிக்கிற நாள் வந்தது. காலையிலேயே பருத்திக்காரரும் மனையடிக்காரரும் வந்துவிட்டார்கள். அப்பா மேட்டூரிலிருந்து வந்து, புதுத் துண்டு போட்டுக்கொண்டு நின்றார். கொத்தனார் கடப்பாரையோடு தெற்குச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பருத்திக்காரருக்கு வீட்டைப் பார்த்து வாயெல்லாம் பல். ஓடு ஒழுங்காக இருக்கிறது. கதவு சத்தம் போடவில்லை. வடக்குச் சுவரில் விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்து கொடுத்து விற்கிறவர்களை நான் பார்த்ததில்லை என்றார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

இடிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை அளந்து, கோடு போட்டுவிடலாம் என்றார் மனையடிக்காரர். பருத்திக்காரர் நடந்தார். வடக்குச் சுவர் சீக்கிரம் வந்துவிட்டது. போன தடவை வந்த அளவுக்குக்கூட இந்தத் தடவை வரவில்லை. மறுபடியும் நடந்தார். மறுபடியும் அதேதான். எல்லாரும் அவர் காலையே பார்த்தார்கள்.

"இன்னிக்கு வண்டியில வந்தீங்களா, நடந்து வந்தீங்களா?" என்று கேட்டார் மனையடிக்காரர்.

"நடந்துதானுங்க வந்தேன்."

"அதானே பார்த்தேன். காலு வீங்கியிருக்குது. வீங்கின காலு அதிகமாத்தானுங்களே அடைக்கும்!"

பருத்திக்காரர் குனிந்து தன் காலை அமுக்கிப் பார்த்தார். ஆமாம், வீக்கம்தான் என்று அவருக்கே தோன்றிவிட்டது. கொத்தனார் வடக்குச் சுவரைப் பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். கடப்பாரையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"நானு வெத்தலை போட்டுட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பொழுது போக வேண்டுமே என்று அப்பாவும் தன் காலால் அளந்து பார்த்தார். அவருக்கும் ஆகாத எண்தான் வந்தது. அதனால்தான் உங்களுக்கு இந்த வீட்டில் கால் தரிக்கவில்லை என்றார் மனையடிக்காரர். அப்பாவுக்கு அதில் பரம சந்தோஷம். மேட்டூருக்குப் போவதற்கு சாஸ்திரமே அனுமதி கொடுத்துவிட்டதே!

அப்போதுதான் அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"என்ர காலையும் ஒருக்கா அளந்து பாருங்க."

அப்பா சிரித்தார். "பொம்பளைக் காலு எதுக்கு? உள்ள போ."

அம்மா அப்பா பக்கம் திரும்பவே இல்லை. மனையடிக்காரரைத்தான் கேட்டாள். "ஊட்டுக்கு உடையவங்க காலுன்னுதானுங்களே அன்னிக்குச் சொன்னீங்க? உடையவன் காலுன்னு சொல்லலீங்களே?"

"அது... நானு மருவாதிக்கு அப்படிச் சொன்னனுங்கம்மா."

"மருவாதிக்குச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானுங்களே?"

எங்கள் பக்கத்தில் எதைச் சொன்னாலும் கூடவே ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு எழுத்துச் சந்தில் ஒரு பெண்பிள்ளை நுழைய இடம் இருக்கிறது என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவர் பருத்திக்காரரைப் பார்த்தார். பருத்திக்காரர் வீங்கிய காலை நீவிக்கொண்டிருந்தார். அளப்பதால் என்ன நட்டம் என்று அவர்தான் சொன்னார்.

அம்மா தெற்குச் சுவரில் குதிகாலை ஒட்டினாள். சேலைக் கரையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்கு ஆண்களுக்கு முன்னால் — கொத்தனாரும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் இருந்தார் — அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். கீழே பார்க்கவே இல்லை. எங்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்க எண்ணினாள். பதினாறு என்று சொன்னபோது கட்டைவிரல் சுவரைத் தொட்டது.

மனையடிக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து, விரலுக்கும் சுவருக்கும் நடுவில் நகத்தைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. எழுந்தபோது அவர் பேச்சே மாறியிருந்தது.

"இது அந்தம்மா காலுக்கு அமைஞ்ச ஊடுங்க. மோகனூர்க் கதைதான் இதுவும்."

பருத்திக்காரர் முகத்தில் இருந்த மீசை மட்டும்தான் தைரியமாக நின்றது. அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவள் காலைப் பார்த்தே கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஊட்டை மனசாரக் குடுக்கறீங்களா?"

"அதெல்லாம் குடுக்கறா, குடுக்கறா. அவளை என்ன கேக்கறது?" என்று அப்பா குறுக்கே வந்தார்.

"அவங்க வாயால வரோணுமுங்க" என்றார் மனையடிக்காரர்.

அம்மா தூக்கிப் பிடித்திருந்த சேலைக் கரையைக் கீழே விட்டாள். பருத்திக்காரரிடம், "குடுக்க மாட்டனுங்க" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, "மாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பருத்திக்காரர் வாசலைத் தாண்டும்போது அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, வீங்காத காலை நொண்டிக்கொண்டே போனார். அப்பா கத்தினார். புதுத் துண்டைத் தரையில் வீசினார். அடுத்த ஆளைக் கூட்டி வருகிறேன் பார் என்றார். கூட்டி வரத்தான் செய்தார். ஆனால் விஷயம் அதற்குள் சந்தைவரை போய்விட்டது. அந்தம்மா வாயால் சொன்னால்தான் ஆகும் என்று வந்தவர்களெல்லாம் அம்மாவிடமே வந்து கேட்டார்கள். அம்மா எல்லாருக்கும் மோர் கொடுத்து, மாட்டனுங்க என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

மேட்டூரில் அணை முடிந்தது. வேலைக்கு வந்த கூட்டம் கலைந்து அவரவர் ஊருக்குப் போனது. அப்பாவும் வந்து சேர்ந்தார், பழுது பார்த்து வழவழவென்று இருந்த வீட்டுக்கு. காப்பி கிளப் வைத்தவர்கள் ஈ ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, 'நல்லவேளை, நானு அன்னிக்கு ஊட்டைக் குடுக்குல' என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் அம்மா இருந்தால், 'ஆமாங்க' என்பாள்.

அப்பா காலத்துக்குப் பிறகு ஒரு பெருமழையில் வடக்குச் சுவர் நனைந்து, ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. நான்தான் அள்ளினேன். மண்ணும் சில்லும் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தன. உண்மையான சுவர் தென்படுவதற்கு முக்கால் சாண் உள்ளே போக வேண்டியிருந்தது. அந்தக் குப்பையில் வட்டமாக ஒரு சில்லு கிடந்தது. துடைத்துப் பார்த்தால் கோழிக்கால். அம்மா சொன்னதுபோல அது வீட்டைவிட்டு எங்கும் போகவில்லைதான். அன்றைக்கு வீங்கியது பருத்திக்காரர் கால் அல்ல என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அம்மா அப்போது நரைத்துப் போய், கட்டிலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சில்லை அவள் முன்னால் நீட்டினேன். பார்த்துவிட்டு மறுபடியும் புளியை எடுத்தாள்.

"அந்த ஆளைப் பயமுறுத்தறதுக்கா அத்தனை மண்ணு மிதிச்சே?" என்றேன்.

"பயமுறுத்தோணும்னா ஊட்டுல பேய் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா? அவன் அன்னிக்கே ஓடியிருப்பான்" என்றாள். கொட்டையைத் தட்டில் போட்டாள். "எவனாச்சும் ஒருத்தன் எங்கிட்டக் கேக்கோணும்னு இருந்துது சாமி."

இதெல்லாம் தெரிவதற்கு எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. பருத்திக்காரர் திரும்பிப் போன அன்றைக்கு என் கவலை வேறு. எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் 'ங்க' போடாமல் பேசியதில்லை, அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. நானே ஒருமுறை வாய் தவறிவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அன்று சாயங்காலம், இடிபடாத சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோது, நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அப்பா காதில் விழாதபடி அதை எடுத்துச் சொன்னேன். அம்மா, நீ அப்பாகிட்ட 'ங்க' போடாமச் சொல்லிட்டே என்றேன்.

அம்மா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். அவள் முகம் முழுக்க அந்த வெளிச்சம்.

"அப்படியா சொன்னேன்? போச்சாது உடு கண்ணு, மறந்துட்டேன்" என்றாள்.

பாவம், அவ்வளவு பேர் முன்னால் பயத்தில் மறந்துபோய்விட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.